மூணு எச்.பி. முதலாளி

ஐ.டி. வேலையில் இருந்தபோது எந்த லேப்டாப்பைக் கண்டாலும் ராம் எத்தனை ஜி.பி. என்று கேட்டவர். வேலையை விட்டுக் கஃபே போட்ட பிறகு எச்.பி. எத்தனை என்று கேட்கிறார். அண்ணாநகரோ ஆர்.எஸ்.புரமோ, பெயிண்ட் வாசனை போகாத கஃபே எதிலும் கல்லாவுக்குப் பின்னால் இவரைப் பார்க்கலாம்.

பிளெண்டர் வாங்கப் போனால் முதலில் கணக்குப் பாடம்தான். “746 வாட் ஒரு எச்.பி. எங்க வீட்டு மிக்ஸி 750 வாட். ஆக, எங்கம்மா இத்தனை வருஷமா ஒரே ஒரு குதிரையை வச்சுக்கிட்டு அரைச்சிருக்காங்க!” அந்த ஒற்றைக் குதிரை அரைத்த சட்னியில்தான் வளர்ந்தோம் என்பது அப்போது நினைவுக்கு வராது. “நமக்கு மூணு வேணும்.”

“சார், அது பீக் எச்.பி. முக்கித் தள்ளுறப்ப ஒரு நொடி காட்டுற பலம். நாள் பூரா ஓடுறப்ப அவ்வளவு இருக்காது” என்பார் நேர்மையான கடைக்காரர். இவர் காதில் விழுவது ‘மூணு’ மட்டும்தான். பணம் அத்தனையும் மோட்டாருக்கே போய்விடுவதால், ஒரே ஒரு ஜாடியோடு திரும்புவார்.

பெட்டியைப் பிரித்த பிறகுதான் பிளக் கண்ணில் படும். தடித்த முள் வைத்த 16 ஆம்ப் பிளக். கவுண்டரிலோ 6 ஆம்ப் பாயிண்ட். 3 குதிரையும் சேர்ந்து இழுத்தால் 2,238 வாட். 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 10 ஆம்ப். தொங்கும் எடிசன் பல்புகளுக்கு அங்குலம் அங்குலமாக இடம் குறித்துக் கொடுத்தவர், இதற்கு ஒரு பவர் பாயிண்ட் கேட்கவில்லை. அதனாலென்ன, கன்வர்ட்டர் இருக்கிறதே! முதல் கோல்டு காபிக்கே எம்.சி.பி. விழும். இருட்டை ‘ஆம்பியன்ஸ்’ என்று நினைத்து நாலு பேர் போட்டோ எடுப்பார்கள்.

மெஷின் ஓடத் தொடங்கினால் கூடவே சரித்திரமும் ஓடும். “மால்ட் பால் கலக்குறதுக்காக அமெரிக்காவுல ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி 1922-லேயே இதுக்குப் பேட்டன்ட் கேட்டார், தெரியுமா? 1930-கள் கடைசியில பார்களுக்கு எடுத்துட்டுப் போய் வித்தவர் ஃப்ரெட் வாரிங், ஒரு பேண்ட் மாஸ்டர்!” என்று கத்துவார். கத்தித்தான் ஆக வேண்டும். சத்தத்தை அடக்கும் கூண்டு தண்டச் செலவு என்று விட்டுவிட்டாரே. பேண்ட் மாஸ்டர் விற்ற கருவி வேறெப்படி இருக்கும்?

இவருக்கு வாய்த்த எதிரி, மெஷினை ஓட்டும் பையன். ஜூஸ் கடையில் பல கோடை கண்டவன். முதலில் பால், அப்புறம் பழம், கடைசியில் ஐஸ், வேகம் மெல்ல மெல்ல என்று அவன் கை தானாகப் போகும்.

“தம்பி, ஐஸை முதல்ல போட்டு நேரா ஹைல வை. எதுக்கு மூணு எச்.பி. வாங்கியிருக்கேன்?”

“அடியில பால் இல்லேன்னா பிளேடு சும்மா சுத்தும் சார். மேல இருக்கிறது இறங்காது.”

“சொன்னதைச் செய்.”

செய்வான். பிளேடைச் சுற்றிக் காற்றுக்குழி விழும், மோட்டார் ஊளையிடும், ஐஸ் அசையாது. முதலாளி ஓடும் ஜாடிக்குள் கரண்டியை விடப் பார்ப்பார். பையன் மரியாதையை மறந்து அவர் கையைப் பிடிப்பது அந்த ஒரு சமயத்தில்தான்.

ஒற்றை ஜாடியின் மகிமை சனிக்கிழமை மாலை தெரியும். பாதாம் ஷேக் போட்ட ஜாடியைக் கழுவினால்தான் அடுத்து தர்பூசணி. வெந்நீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு அரை நிமிஷம் ஓட்டி அலசலாம். ஆனால் கூட்டம் நிற்கும்போது யாருக்குப் பொறுமை? வெறும் தண்ணீர் காட்டியதோடு சரி. தர்பூசணி பாதாம் மணத்தோடு வரும். பருப்பு ஒத்துக்கொள்ளாதவர் யாரும் அன்று வராமல் இருந்தால் சரி.

ஒரு நாள் மோட்டார் உறுமும், பிளேடு சுற்றாது. மெக்கானிக் ஜாடியைக் கவிழ்த்துப் பார்ப்பார். “கப்ளர் தேஞ்சு போச்சு சார். மோட்டார் புகையறதுக்குள்ள இது போகட்டும்னுதான் வச்சிருக்காங்க. சின்னச் செலவுதான்.”

முதலாளிக்கு உயிர் வரும். உடனே கேட்பார்: “அஞ்சு எச்.பி.ன்னா இது தேயாதில்ல?”

கஃபே தொடங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளெண்டர் பார்க்கப் போகும்போது அதை ஓட்டப்போகிற பையனையும் கூட்டிப் போங்கள். இரண்டாவது ஜாடி என்ன விலை, கப்ளர் உள்ளூரில் கிடைக்குமா என்று அவன் கேட்பான்.