பாரிக்குத் தேர் இருந்தது, உங்களுக்கு?

இன்னா தம்பி, முல்லைக் கொடி வாங்கியாந்துட்டீங்களாமே! ஈ.சி.ஆர். ஓரத்து நர்சரியில, கறுப்புப் பையில, ஒரு முழ உசரத்துல, மொட்டோட. சந்தோசம். மொட்டைப் பார்த்துத்தானே வாங்கினீங்க? எல்லாரும் அப்படித்தான். வேரைப் பார்த்து வாங்கறவனை இந்த ரோட்டுல நான் இன்னும் பார்க்கல.

பள்ளிக்கூடத்துல ஐந்திணை படிச்சிருப்பீங்க, மார்க்கும் வாங்கியிருப்பீங்க. முல்லைன்னா காடும் காடு சார்ந்த இடமும். நீங்க வீடு கட்டியிருக்கிறது நெய்தல்ல. எதிர்ல கடல், முதுகுக்குப் பின்னால உப்பளம், காலுக்குக் கீழ மணல். அதுக்காக வைக்காதீங்கன்னு சொல்லல. வைங்க, தாராளமா வைங்க. காட்டுப் பொண்ணைக் கடற்கரைக்குக் கட்டிக் கொடுக்கறோம்னு மட்டும் ஞாபகம் இருக்கட்டும். சீர் கொஞ்சம் கூட ஆகும்.

பறம்பு மலைப் பாரி, அதான் இப்ப சிவகங்கை மாவட்டத்துல பிரான்மலைன்னு சொல்றாங்களே அந்த ஊர்க்காரர், படர இடமில்லாம தவிச்ச முல்லைக்கு ஏறி வந்த தேரையே விட்டுட்டுப் போனாராம். உங்களை அவ்வளவு கேக்கல. வாசல்ல நிக்குதே பெரிய காரு, அதையும் கேக்கல. அதுமேல கொடி ஏறறதுக்குள்ள துரு ஏறிடும். ஒரு மூங்கில் கழி போதும். ஆனா நீங்க கட்டினது இன்னா? நீல நைலான் கயிறு, இறுக்கி ரெண்டு முடிச்சு. இளந்தண்டுங்க அது, நாளைக்குப் பருக்கும். கயிறு பருக்குமா? சணலை எடுத்துத் தளர்த்தியா ஒரு சுத்து விடுங்க, கொடி நகர எடம் இருக்கட்டும்.

அப்புறம் இந்தக் குழி. கையால நோண்டி வெச்சிருக்கீங்க, கோழி கிளறின மணல் இதைவிட ஆழம். ஒன்றரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் வெட்டுங்க. வர்ற மணலைத் தள்ளிட்டு, செம்மண்ணும் மக்கின தொழுவுரமும் கலந்து நிரப்புங்க. மணல்ல ஊத்தற தண்ணி உங்க கண்ணு முன்னாலயே கீழ போயிடும். வேருக்குப் பக்கத்துல நிறுத்தி வெக்கிறது அந்த எருதான்.

தண்ணின்னதும் நினைப்பு வருது. ஆர்.ஓ. மிஷின்லருந்து வெளிய வர்ற தண்ணியைப் பக்கெட்ல புடிச்சு, வீணாக்கக் கூடாதுன்னு கொடிக்கு ஊத்தறீங்களாமே? ரொம்பப் பொறுப்பு. உப்பை வடிச்சு நல்லதை நீங்க குடிக்கிறீங்க, வடிச்ச உப்பை அதுக்குக் குடுக்குறீங்க. மாமியாரே இப்படிச் செய்ய மாட்டா. அந்தத் தண்ணியில தரையைக் கழுவுங்க. அந்தாண்ட நெம்மேலியில கடல் தண்ணியை நல்ல தண்ணியா மாத்தற ஆலை 2013-லருந்து இருக்குது, நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் திறனாம். அதெல்லாம் பட்டணத்துக்குப் போற தண்ணி. உங்களுக்கு மழைத் தண்ணிதான் கதி. ஐப்பசி, கார்த்திகையில மொட்டை மாடியிலருந்து கொட்டறதைத் தொட்டியில புடிச்சு வையுங்க. அரிசி கழுவின தண்ணியும் ஆகும்.

எங்க வெக்கப் போறீங்க? கடலைப் பார்த்த வராண்டாவுலயா? காபி குடிச்சுக்கிட்டே பூவும் அலையும் ஒண்ணாப் பார்க்கலாம்னு இன்ஜினியர் சொன்னாரா? இலை ஓரமெல்லாம் பழுப்பாக் கருகி நிக்கும், அதையும் பாருங்க. வீட்டுக்கு மேற்கால, உப்புக்காத்து நேரா அடிக்காத பக்கம், ஆனா வெயில் படற எடமா வையுங்க. நிழல்ல வெச்சா கொடி ஓடும், பூ வராது. இரும்புப் பைப்பு வெல்டிங் பண்ணி ரெண்டாள் உசரப் பந்தல் வேணாம். 1752-ல கிளைவ் துரை நம்ம கோவளம் கோட்டையைப் புடிச்சான். இப்ப அந்த எடத்துல நட்சத்திர ஹோட்டல் நிக்குது. கோட்டைக்கே அந்தக் கதின்னா பந்தல் எம்மாத்திரம்? காத்து வேற இருக்கு. 2022 டிசம்பர்ல மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்துலதான் கரை ஏறுச்சு. அந்த மாதிரிக் காத்துக்கு உசந்த பந்தல் நிக்காது, மதில் உசரத்துக்குக் கீழ போடுங்க. பூப்பறிக்க ஏணியும் வேணாம்.

இப்ப சொல்லப் போறதுதான் உங்களால ஆகாத வேலை. பொங்கல் கழிஞ்சு தை மாசக் கடைசிக்குள்ள கொடியைக் கவாத்துப் பண்ணணும். நுனியைக் கிள்றது கவாத்து இல்ல. நல்லா வேர் புடிச்சு வளர்ந்த கொடியைத் தரையிலருந்து ஒன்றரை அடி விட்டுட்டு மீதியை வெட்டிப் போடணும். காய்ஞ்சது, நோய் கண்டது, உள்ள பின்னிக்கிட்டுக் கிடக்கறது, எல்லாம் போகணும். உங்க வீட்டம்மா அழுவாங்க, பசங்க வீடியோ எடுப்பாங்க, பக்கத்து வீட்டுக்காரர் பச்சைப் பாதகம்னு சொல்வார். கத்தரியைக் கீழ வெக்காதீங்க. முல்லை புதுத் தளிர்லதான் பூக்கும். வெட்டாம விட்டா அடியில குச்சி, உச்சியில இலை, பூ எதிர் வீட்டு மாடியில. வெட்டி எருவும் தண்ணியும் வெச்சீங்கன்னா பங்குனியிலருந்து மொட்டு எடுக்கும். விடியக்காலையில மொட்டாவே பறிச்சுடுங்க. எட்டு மணிக்கு எழுந்திருக்கிற வீட்டுல முல்லை வெச்சா, பூவைத் தரையிலதான் பொறுக்கணும்.

இலையிலயும் தளிர்லயும் வெள்ளையா மயிர் மயிரா முளைச்சா, பனின்னு நினைச்சு ரசிக்காதீங்க. கண்ணுக்குத் தெரியாத சிலந்திப் பேன் பண்ற வேலை அது. அந்தக் கிளையை வெட்டி எரிச்சுட்டு, நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிங்க. பாரிமுல்லைன்னு கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஒரு ரகம் விட்டிருக்கு, அதுக்கு இந்தத் தொல்லை இல்லன்னு சொல்வாங்க. பேரைச் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கலாம். நீங்கதான் மொட்டைப் பார்த்துட்டீங்களே.

இவ்வளவும் ஆகாதுன்னா வழி இருக்குது. கடற்கரைக்குப் போற பாதையில, குதிரைக் குளம்பு மாதிரி இலையும் ஊதாப் பூவுமா மணல்மேல ஓடுதே, அடும்பு. உரம் கேக்காது, தண்ணி கேக்காது, பந்தலும் கேக்காது, மணலையும் புடிச்சு நிறுத்தும். அதைத்தான் போன வாரம் குப்பைக் கொடின்னு சொல்லி ஜேசிபி வெச்சு வழிச்சீங்க. மீதி கிடக்கறதையாவது விட்டு வையுங்க.

செம்மண் லோடு எப்ப வருது? எங்க வீட்டு முல்லைக்கும் ரெண்டு கூடை தள்ளிவிடுங்க.