வலச்சொடுக்குப் பட்டியலின் மண்ணடுக்குகள்: மேற்குத் தாம்பரத்தில் ஒரு கள ஆய்வு

1863 மே 30ஆம் தேதி, பல்லாவரத்துச் சரளைக் குழி ஒன்றில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைப் பொறுக்கினார். உள்ளங்கைக்குள் அடங்கும் கல். விளிம்பில் மனிதன் செதுக்கிய கூர். இந்தியாவின் பழைய கற்காலம் அன்றுதான் பேச்சுக்கு வந்தது. பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறி மூன்றாவது ஸ்டேஷனான தாம்பரத்தில் இறங்கி, மேற்குப் பக்கம் வந்தால் ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கேயும் உள்ளங்கைக்குள் அடங்கும் பொருள் ஒன்று கண்டேன். அதன் இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. மவுஸ் என்றால் இடப்பக்கம்தானே முதலில் தேய வேண்டும்? இந்தத் தடயம் ஒன்றை நம்பித்தான் இந்த ஆய்வில் இறங்கினேன்.

ஆய்வுப் பரப்பு: ஒரு கடை, ஒரு கம்ப்யூட்டர், எல்லா வயதினரும் ‘அக்கா’ என்று கூப்பிடும் ஒரு பெண்மணி. ஆய்வாளரின் தகுதி: சொத்துவரி ரசீதைப் பிரிண்ட் எடுக்க வரிசையில் நின்றது.

வலச்சொடுக்குப் பட்டியல் (ரைட் கிளிக் மெனு) என்பது யாதோ எனின், மவுஸின் வலப்பொத்தானை அமுக்கியவுடன், சொல்லாமலே வந்து நிற்கும் பட்டியல். இது மைக்ரோசாஃப்ட் பெற்ற பிள்ளை என்பாரும் உளர். அது பொருந்தாது. 1995இல் விண்டோஸ் 95 அதை வீட்டுக்கு வீடு கொண்டு போனது உண்மை. ஆனால் சுட்டும் இடத்திலேயே பட்டியல் முளைக்கும் வித்தை 1970களில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ஆகவே ஜெராக்ஸ் கடையில் ரைட் கிளிக் செய்வது, பெண் தாய்வீட்டுக்கு வந்தது போல.

கடையின் பிழைப்பு எதில் ஓடுகிறது என்று பார்த்தால், கேபியில் ஓடுகிறது. டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்துக்குப் போட்டோ 20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும். கையெழுத்து 10 முதல் 20க்குள். பையன்கள் போனில் எடுத்து வருவதோ மூன்று, நான்கு எம்பி. இந்த இடைவெளியில்தான் அக்காவின் கடை நிற்கிறது. படத்தின் மேல் ஒரு ரைட் கிளிக், பட்டியலில் ஒரு வரி, முடிந்தது. நான் வாங்கி வைத்த டீயில் ஆடை படிவதற்குள் மூன்று பேருக்கு முடிந்துவிட்டது.

அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்கத்தான் அகழாய்வு தேவைப்பட்டது. ஏனென்றால் அக்காவின் பட்டியல் திரையின் தலையில் தொடங்கி அடிவரை நீண்டிருந்தது. ஃபைலைச் சுருட்டிக் கட்டும் மென்பொருள் ஓர் அடுக்கு. வைரஸ் தேடும் மென்பொருள் இரண்டு. ஒன்று செத்துப்போனது, பெயர்ப் பலகை மட்டும் தொங்குகிறது. புளூடூத்தில் அனுப்பச் சொல்லும் வரி ஒன்று. அந்தக் கம்ப்யூட்டரில் புளூடூத் கிடையாது. எந்த மென்பொருளை நிறுவினாலும் அது போகிற போக்கில் பட்டியலில் ஒரு துண்டு போட்டு இடம் பிடித்துக்கொள்கிறது. தாம்பரம் பிளாட்பாரத்தில் நிற்கும் ரயிலுக்குள் ஜன்னல் வழியே கைக்குட்டை போடுவோமே, அதே சட்டம்தான். வித்தியாசம், இங்கே யாரும் இறங்குவதில்லை. இந்த விருந்தாளிகள் எல்லோரும் ஃபைல்களைக் காட்டும் எக்ஸ்ப்ளோரரின் வீட்டுக்குள்ளேயே தங்குவதால், ஒருவருக்கு வயிற்றுவலி என்றால் வீடே படுத்துவிடும். ரைட் கிளிக் செய்தபின் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஷெல்எக்ஸ்வியூ என்ற சிறு நிரலை வைத்து ஒவ்வொருவராகக் கதவுக்கு வெளியே நிறுத்திப் பார்த்தால் நோயாளி அகப்படுவார்.

இவற்றுக்கு நடுவில் சிவப்பாக நசுங்கிய பூனை ஒன்று. ஜி.எஸ்.டி. ரோட்டில் இரவு லாரிக்கடியில் போனது போன்ற உருவம். இதுதான் இர்ஃபான்வியூ. போஸ்னியாவின் யாய்ட்சே ஊரில் பிறந்து ஆஸ்திரியாவில் குடியேறிய இர்ஃபான் ஷ்கில்யான் 1996இல் வெளியிட்ட படம் பார்க்கும் மென்பொருள். கடையில் அதற்குப் பெயர் ‘பூனை’. “அந்தப் பூனைல போட்டு இறக்குங்க” என்றால் போதும். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். கடை வைத்தால் உரிமத்துக்குக் காசு உண்டு என்பதையும் ஆய்வாளன் சொல்லியாக வேண்டும்.

பூனையை ரைட் கிளிக் பட்டியலில் ஏற்றத் தனியே ஒரு நீட்சி உண்டு. பிளக்இன் மூட்டையோடு வருகிறது. நான் என் சிட்லபாக்கத்து வீட்டில் முதலில் நிறுவியது 32 பிட். விண்டோஸோ 64 பிட். சின்ன வீட்டுச் சாவி பெரிய வீட்டுப் பூட்டில் திரும்புமா? அரை நாள் ரைட் கிளிக் செய்து செய்து, என் மவுஸிலும் வலப்பக்கம் வழவழக்கத் தொடங்கியது. 64 பிட் மூட்டையை இறக்கிய பிறகுதான் பூனை எட்டிப் பார்த்தது.

அக்காவிடம் இருந்த வரியோ நீட்சி தந்தது அன்று; கையால் எழுதியது. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் படங்களுக்கென்று ஓர் அறை இருக்கிறது. அதில் ‘ஷெல்’ என்ற அலமாரிக்குள் நமக்குப் பிடித்த பெயரில் ஒரு தட்டு, அதற்குள் ‘கமாண்ட்’ என்று இன்னொரு தட்டு. அங்கே பூனையின் முகவரியை எழுதி, ஃபைல் பெயர் வர வேண்டிய இடத்தில் %1 என்று இட்டு, பக்கத்தில் கட்டளைகள்: அகலம் 413, உயரம் 531, தரம் 80, பழைய ஃபைலைத் தொடாமல் பெயருக்கு வால் சேர்த்துப் புதிதாக வை. மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர் பாஸ்போர்ட் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளியில் அச்சடித்தால் வருவது இந்த 413, 531. தட்டின் பெயர் தமிழிலும் இருக்கலாம். அக்கா வைத்திருந்த பெயர் ‘டி.என்.பி.எஸ்.சி. மூஞ்சி’.

பார்த்த கையோடு நானும் வீட்டில் அப்படியே எழுதினேன். சில படங்களுக்கு வேலை செய்தது, சிலவற்றுக்கு இல்லை. மறுநாள் போய்ச் சொன்னேன்.

“ஃபைல் பேர்ல இடைவெளி இருக்கா சார்?”

இருந்தது. ‘தங்கச்சி போட்டோ புதுசு’ என்று மூன்று சொல்.

“சதவீதக் குறி ஒண்ணு போட்டீங்கல்ல, அதுக்கு ரெண்டு பக்கமும் மேற்கோள் போடணும் சார். இல்லேன்னா அது தங்கச்சியோட நின்னுடும்.”

முனைவர் பட்டத்துக்கு இதைவிட நல்ல வாய்மொழித் தேர்வு நான் கண்டதில்லை.

அப்போது ஒரு பையன் வந்தான். “அக்கா, அம்பது கேபிக்குள்ள வேணுமாம்.” அக்கா படத்தைத் திறந்து முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தார். “கட்டம் போட்ட சட்டையா? கேபி எகிறுமே தம்பி.” எகிறியது: 63. ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களாக நறுக்குகிறது. வெற்றுச் சுவர் என்றால் சதுரத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஓரிரு எண்ணில் முடிந்துவிடும். கோடும் கட்டமும் வந்தால் ஒவ்வொரு சதுரமும் கதை சொல்லத் தொடங்கும், கேபி ஏறும். வெள்ளைச் சட்டைக்காரர்களை அரசு விரும்புவதற்கு இதுவரை சொல்லப்பட்ட காரணங்களோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். அக்கா தரத்தை 65 ஆக்கி மறுபடி இறக்கினார். 46.

இன்னொரு நுட்பம்: 15 ஃபைல் வரை தேர்ந்தெடுத்தால் அந்த வரி பட்டியலில் இருக்கும். 16ஆவதைச் சேர்த்தால் காணாமல் போகும். இது விண்டோஸ் தானே வைத்த வரம்பு. ஷேர் ஆட்டோக்காரருக்குக்கூட இல்லாத கறார்.

2021இல் விண்டோஸ் 11 வந்து பழைய பட்டியலை ‘மேலும் காட்டு’ என்ற திரைக்குப் பின்னால் தள்ளியது. ஷிஃப்ட் விசையோடு ரைட் கிளிக் செய்தால் திரை விலகும். நிரந்தரமாக விலக்க ரெஜிஸ்ட்ரியில் 32 எழுத்தில் ஒரு மந்திரம் எழுத வேண்டும். திருநீர்மலையில் எட்டெழுத்து போதும். இங்கே அதைப்போல் நான்கு மடங்கு. எழுதிய பிறகு உள்ளே இருக்கும் மதிப்பைத் திறந்து, ஒன்றும் எழுதாமல் வெறுமையாகவே சேமிக்க வேண்டும். வெறுமையைக் கண்டுதான் விண்டோஸ் பழைய பட்டியலுக்குத் திரும்புகிறது.

போன மாதம் அந்தக் கம்ப்யூட்டர் படுத்தது. பழுது பார்க்க வந்தவர் ஃபார்மட் போட்டார். வரிசையில் நின்று நானும் பார்த்தேன்: ரைட் கிளிக் செய்தால் ஏழெட்டு வரிதான். அடுக்குகள் எல்லாம் போய்ச் சுத்தமான மண். எனக்குத் துக்கமாக இருந்தது. அக்கா மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். தினசரி காலண்டரில் கிழித்தது. பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில் அந்தக் கட்டளை வரி, மேற்கோள் குறிகள் இரண்டிலும் சிவப்பு வட்டம். தாம்பரம் என்றால் செம்பு என்று அகராதி சொல்கிறது. ஆகவே இத்தாளைத் தாம்பரம் செப்பேடு என்று இக்கட்டுரையில் பதிவு செய்கிறேன். முன்பக்கத்தில் அன்றைய ராகுகாலம் இருந்தது. அது முடியும்வரை காத்திருந்து, அக்கா டைப் அடிக்கத் தொடங்கினார்.