கறுப்பாய்த் தெரியும் பச்சை

பித்தளையில் செய்த மாதிரி ரயில்களைச் சேர்ப்பவரிடம் போய், "எஞ்சினோட கறுப்பு கண்ணைப் பறிக்குது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அன்று மாலை வேறெங்கும் போக முடியாது. அது கறுப்பு இல்லை, பச்சை. பென்சில்வேனியா ரயில்ரோடு தன் நீராவி எஞ்சின்களுக்கு அடித்த பெயின்ட்டுக்கு வைத்த பெயர் 'டார்க் கிரீன் லோகோமோட்டிவ் எனாமல்'. ரசிகர்கள் பிரன்ஸ்விக் கிரீன் என்பார்கள். பச்சையில் கறுப்பை ஊற்றிக்கொண்டே போய், பச்சைக்கு மூச்சு முட்டியதும் நிறுத்திய நிறம். பட்டறையை விட்டு வந்த புதிதில், நல்ல வெயிலில், சரியான பக்கம் நின்று பார்த்தவனுக்குப் பச்சை தெரிந்திருக்கலாம். கரியும் எண்ணெயும் ஏறிய பிறகு அதை ஓட்டிய டிரைவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

நம்மவருக்குத் தெரியும்.

அமெரிக்காவில் எந்த மாதிரி ரயில் கண்காட்சிக்குப் போனாலும் இவர் தட்டுப்படுவார். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் பூதக்கண்ணாடி. வீட்டு பேஸ்மென்ட்டில் தண்டவாளம் கொஞ்சம், அட்டைப்பெட்டி நிறைய. பெட்டிக்குள் ஸ்பான்ஜ், ஸ்பான்ஜுக்குள் பென்சில்வேனியாவின் கே4 ரகப் பித்தளை எஞ்சின் ஒன்று. ஹெச்.ஓ. அளவு, அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டியான டெண்டரையும் சேர்த்து ஓரடிக்குள் அடங்கிவிடும். நிஜ கே4 எஞ்சின்கள் 1914 முதல் 1928 வரை மொத்தம் 425 கட்டப்பட்டன: 350 அல்டூனாவில் கம்பெனியின் சொந்தப் பட்டறையில், 75 பால்ட்வின் தொழிற்சாலையில். மிஞ்சியவை இரண்டே இரண்டு. இவர் ஒருவர் வீட்டிலேயே அதைவிட அதிகம்.

வேலை ஒழுங்காகத்தான் தொடங்கும். தொழிற்சாலை பூசிய லேக்கரைக் கரைத்து எடுப்பார். சக்கரம், மோட்டார், பாய்லர் எல்லாவற்றையும் பிரித்து வைப்பார். பெயின்ட் பிடிப்பதற்காக மேற்பரப்பில் நுண்மணலைப் பீய்ச்சி அடிப்பார். கழுவிக் காயவைத்து, ஏர்பிரஷைக் கையில் எடுப்பார். எடுத்த கையோடு கீழே வைத்துவிடுவார். எந்தப் பச்சை?

இதற்கென்றே பித்தளைத் துண்டுகளில் மாதிரிகள் பூசி வரிசையாக அடுக்கியிருக்கிறார். டியூப்லைட்டில் ஒரு தடவை, பழைய குண்டு பல்பில் ஒரு தடவை, ஜன்னலோரம் ஒரு தடவை, மேகம் மூடினால் மறுபடி ஒரு தடவை என்று பார்ப்பார். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு எல்லாத் துண்டும் ஒரே கறுப்பு. அதை வெளியே சொல்லாத விருந்தாளிக்கே காப்பி உண்டு.

அடுத்தது தூரக் கணக்கு. இரண்டடி தள்ளி நின்று மாதிரி எஞ்சினைப் பார்ப்பது, நிஜ எஞ்சினை 174 அடி தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் நடுவிலிருக்கும் காற்று நிறத்தை வெளிறச் செய்யும். ஆகவே பெயின்ட்டில் கொஞ்சம் வெள்ளை சேர்க்க வேண்டும். கொள்கையாகக் கேட்டால் நியாயம்தான். எவ்வளவு வெள்ளை என்பதில்தான் நட்புகள் முறிகின்றன. ஒரு சொட்டுச் சேர்த்ததும் எஞ்சின் பச்சையாகத் தெரிய ஆரம்பிக்கும். உடனே பக்கத்து மேசைக்காரர், "இவ்வளவு பச்சை இருக்காதே" என்பார். அவரும் இதே ஜாதி. ஆதாரமாகத் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு கோடாக்ரோம் ஸ்லைடை எடுப்பார். நம்மவரும் எடுப்பார். இரண்டிலும் அதே கே4, ஒன்றில் கறுப்பு, மற்றதில் ஒருவிதமான நீலம். பச்சை இரண்டிலும் இல்லை. இருவருக்கும் பரம திருப்தி.

உண்மையான பச்சை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஃப்ளோக்வில் பாட்டிலில். மாதிரி ரயில்காரர்கள் தலைமுறைகளாக நம்பியிருந்த அந்தப் பெயின்ட்டின் தயாரிப்பு 2013இல் நின்றுபோனது. செய்தி வந்ததும் கடை கடையாக ஏறி வாங்கிக் குவித்தார். இப்போது மிச்சம் ஒரு பாட்டில். அதில் இருப்பதுதான் சரியான பச்சை. ஆனால் திறந்தால் தீர்ந்துவிடும், ஆகவே திறப்பதில்லை. கே4 இன்னமும் வெறும் பித்தளையாக மேசையில் நிற்கிறது.

இதே மனிதரிடம் மனைவி, "சமையலறைச் சுவருக்கு என்ன கலர் அடிக்கலாம்?" என்று கேட்டால், "ஏதாவது வெளிர் கலர், உன் இஷ்டம்" என்பார்.

மற்ற பழக்கங்களைச் சொல்லி மாளாது. ரிவெட் எண்ணுவார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கே4 எஞ்சின்களில் ஹெட்லைட்டும் டர்போ ஜெனரேட்டரும் இடம் மாறின. அது புரியாமல் அடுத்தவர் செய்த எஞ்சினைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். பெயின்ட்டே அடிக்கக் கூடாது, அடித்தால் மதிப்புப் போச்சு என்று ஒரு கட்சி உண்டு. அவர்களோடும் சண்டை. பித்தளை எஞ்சின்களுக்கு ஜான் கிளாப் என்பவர் போட்ட 'பிரவுன் புக்' என்ற விலைப்பட்டியல் அவர்கள் வேதம். அவர்களுடைய எஞ்சின்கள் பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை. ஆனால் பழைய ஸ்பான்ஜ் வருடக்கணக்கில் மக்கிப் பிசுபிசுத்து லேக்கரில் ஒட்டிக்கொள்ளும். அதை நினைத்தால் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் அவர் சால்டரிங் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உளுந்தளவு மணியைப் பாய்லர் மேல் ஒட்டவைக்கிறார். சூடு கொஞ்சம் ஏறினாலும் பக்கத்தில் ஏற்கெனவே ஒட்டிய குழாய் கழன்று விழும். அதன் மேல் ஈரத் துணியைச் சுற்றி, தாழ்ந்த சூட்டில் உருகும் ஈயத்தை வைத்து, மூச்சைப் பிடித்து ஒரு தொடல். முடிந்தது. அறுபதைத் தாண்டிய விரல்கள், நடுக்கம் இல்லை. அந்த நேரத்தில் அவர் எந்தக் கறுப்பைப் பச்சை என்றாலும் ஒப்புக்கொள்ளத் தோன்றும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இந்தப் பித்தளை எஞ்சின்கள் போருக்குப் பின் ஜப்பானில், பெரும்பாலும் சின்னப் பட்டறைகளில், கைவேலையாக உருவானவை. பசிபிக் ஃபாஸ்ட் மெயில் போன்ற இறக்குமதியாளர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். யென் மதிப்பு ஏறியதும் வேலை கொரியாவுக்குப் போனது, அங்கேயும் கூலி ஏறியதும் சீனாவுக்கு. டென்ஷோடோ, யுனைட்டட், சம்ஹோங்சா, அஜின் என்று கம்பெனிப் பெயர்களை நம்மவர் வரிசை பிசகாமல் ஒப்பிப்பார். இந்தப் பாய்லரை ஒட்டியது யார் என்று கேட்டால் முழிப்பார். இறக்குமதியாளர் பெயர் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் இருக்கிறது, ஒட்டியவர் பெயர் எங்கும் இல்லை. ஒரு ரிவெட் வரிசைக்காக நூறு புகைப்படம் புரட்டுகிற மனிதருக்கு, அந்த ரிவெட்டை அழுத்திய கை யாருடையது என்று தேட வேண்டும் என ஒரு நாளும் தோன்றவில்லை. இதைக் கேலியாகச் சொல்ல வரவில்லை, எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அந்தப் பெட்டிகள் நாளை யார் கைக்கு வந்து சேருமோ, அந்த மகன்களுக்கும் மருமகள்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஏலத்துக்கு அனுப்பும் முன் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பல்சக்கரப் பெட்டியில் இறுகிக் கிடக்கும் பழைய கிரீஸைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது வையுங்கள், அச்சுகளுக்கு ஒவ்வொரு சொட்டு எண்ணெய் போதும். எஞ்சினோடு டெண்டரை மாட்ட மறக்காதீர்கள்; ஒரு தண்டவாளத்து மின்சாரத்தை எஞ்சினும் மற்றதை டெண்டரும் எடுப்பதால் தனி எஞ்சின் நகராது. 12 வோல்ட் டி.சி. கொடுங்கள். வளைவு அகலமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் முன்சக்கரம் சிலிண்டரில் உரசி ஷார்ட் ஆகும். ஓட்டினால் விலை கொஞ்சம் குறையும், பரவாயில்லை.