ஒரு கிரெடிட் பேராண்டிக்கு

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில குந்து. முதல் செமஸ்டர்ல 'தமிழர் மரபு', ரெண்டாவதுல 'தமிழரும் தொழில்நுட்பமும்'னு அண்ணா யுனிவர்சிட்டிக்காரங்க உயிரை வாங்குறாங்கன்னு உங்கப்பன்கிட்ட பொரிஞ்சு தள்ளினியாமே? "மெக்கானிக்கலுக்கு இதெல்லாம் எதுக்கு?"ன்னியாம். நியாயந்தான்டா கண்ணு. 15 பீரியடு, ஒரு கிரெடிட்டு! கழனியில முதுகு ஒடிஞ்ச நாங்ககூட இம்மாம் பாரம் தூக்கினதில்ல. இங்க பாரதக் கூத்து கட்டினப்ப பாய் போட்டுத் தூங்கினவன், ஹாஸ்டல்ல 'தெருக்கூத்து'ன்னு ராத்திரியெல்லாம் மனப்பாடம் பண்றதுன்னா பாவந்தான்.

நான் சொல்றதைக் கேளு. குமிழித் தூம்புன்னு ஒண்ணு பாடத்துல வருதாமே, அதைத் தொடவே தொடாத. சோழர் காலத்து ஆளு ஏரிக்குள்ளயே கல்தொட்டி கட்டி, மூடியைத் தூக்கினா மேல் துளையில தண்ணியும் கீழ்த் துளையில சேறும் தானா வெளியே போக வச்சான். கழனிக்கு வண்டலும் ஆச்சு, ஏரியில தூரும் கொறைஞ்சது. கரண்டு இல்ல, சென்சார் இல்ல. இதைப் படிச்சுட்டு ஒரகடத்துக் கம்பெனியில போய் "இங்க இத்தனை மோட்டார் எதுக்கு சார்?"னு வாயைத் திறப்ப. கேள்வி கேக்குற ட்ரெய்னியை எந்த மேனேஜருக்குடா பிடிக்கும்?

ஏரித் தண்ணி எங்க போகுதுன்னும் பாக்காத. ஸ்ரீபெரும்புதூர் ஏரி ரொம்பினா உபரி செம்பரம்பாக்கத்துக்கு, அது ரொம்பினா அடையாத்துக்கு. 2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கத்துல செகண்டுக்கு 29,000 கன அடி திறந்தப்ப, ஆத்தோரத்து ஜனம் மொட்டை மாடியில ஏறி நின்னுச்சு. இது தெரிஞ்சவனுக்கு, கால்வாயைத் தூர்த்து ஷெட்டு போடுற பிளான்ல கையெழுத்துப் போடக் கை நடுங்கும். தெரியாதவனுக்குத்தான் கை நிதானமா ஓடும்.

பைக் இருக்குதேன்னு உத்திரமேரூர் பக்கமும் போயிடாத. அங்க பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்குது. ஏரி வாரியத்துக்குக் குடவோலையில ஆள் எடுத்தாங்க. வயசு 35க்கு மேல, 70க்குள்ள. முன்னால வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாதவன் மறுபடி நிக்க முடியாது, அவன் சொந்தக்காரனும் முடியாது. இதைப் படிச்சுட்டு நீ கிராம சபையில எழுந்து கணக்கு கேப்ப. நமக்கு எதுக்கு ஊர் வம்பு?

ஒரே மெஷினு, ஒரே பட்டன், அது போதும். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவுல அப்படிப் பழகின பிள்ளைங்க ஆயிரக்கணக்குல இருந்தாங்க. 2006ல ஆரம்பிச்ச ஃபேக்டரி, 2014 நவம்பர்ல மூடிட்டாங்க. விரலு பட்டனைத் தேடுச்சு, பட்டனைக் காணோம்.

இன்னா முறைக்கிற? சரி, கிண்டலை வுடு. மெஷினை ஓட்ட எந்தக் கம்பெனியும் மூணே மாசத்துல கத்துக் குடுத்துடும். அவனுக்கு அது ஆதாயம். அது எதுக்கு ஓடுது, அதால யார் வூட்டுக்குள்ள தண்ணி பூரும், கணக்கை யார் காட்டணும்னு கேக்கச் சொல்லிக் குடுக்க அவனுக்கு அவசியமே இல்ல. அதைக் காலேஜ்தான் சொல்லித் தரணும், அதுக்குத்தான் அந்த 15 பீரியடு. போடா, கடைசி பெஞ்சில தூங்காம கேளு. அதுல அரியர் வச்சுட்டு மட்டும் இந்தத் திண்ணைப் பக்கம் வந்துடாத.