வேலியைப் பார், பேரா

வா பேரா, குந்து. கம்பஸில இருந்து வந்த பிள்ளையின்ர கையில என்ன, சோத்துப் பெட்டியோ? இல்லையாம், ஆராய்ச்சிக் கண்ணாடியாம். போன கிழமை இதே சாதிக் கண்ணாடித் துண்டு ஒண்டை என்ர வாடி வாசலில மறந்து வைச்சிட்டுப் போனனி. நகமளவு துண்டு, கத்தரிப்பூ நிறத்தில பூச்சு. இண்டைக்குப் பார், ஓரமெல்லாம் வெளிறி, தோய்ச்சுத் தோய்ச்சு நைஞ்ச சாரம் மாதிரிக் கிடக்கு. அழாத. என்ர நீலப் படங்குக்கும் இதே கதிதான். அதுக்கு நான் கலாநிதிப் பட்டம் கேக்கேல்லையே.

நீ சொன்னதெல்லாம் என்ர காதில விழாமலில்லை. அந்தப் பூச்சு, கரியை முதலாக வைச்சுச் செய்த சவ்வு. மை மாதிரி அச்சடிக்கலாம், பாய் மாதிரிச் சுருட்டலாம், வெயில் பட்டா மின்சாரம் தரும். நல்ல சாமான்தான். ஆனா வெயில் பட்டாச் சாகும். கடலுக்குப் பயந்த சம்மாட்டிக்குப் பொம்பிளை குடுத்த கதை! இந்தச் சாதிச் சாமான் கெட்டுப் போறது புதுசில்லை. 1977இல ஷிரகாவா, மக்டியார்மிட், ஹீகர் எண்டு மூண்டு பேர் பொலியசெற்றிலீன் எண்ட பிளாஸ்டிக்கை மின்சாரம் கடத்த வைச்சவங்களாம். 2000இல நோபல் பரிசும் கிடைச்சுதாம். அந்தச் சாமானைக் காத்தில விட்டாக் கெட்டுப் போகும். பரிசு மட்டும் கெடேல்ல.

வெயில் தனிய வந்து கடிக்கிற சாதியில்லை, பேரா. சவ்வில இருக்கிற மூலக்கூறுக்கு வெறியேத்தி விடும். வெறியேறினது பக்கத்தில சும்மா நிண்ட ஒட்சிசனுக்கு அதைக் கடத்தும். ஒட்சிசன் திரும்பி வந்து மூலக்கூறின்ர சங்கிலியைக் கடிக்கும். எங்கட கள்ளுக்கொட்டில் சண்டையும் இப்படித்தான்: ஊத்தினவன் ஒருத்தன், அடிச்சவன் வேறொருத்தன், மண்டை உடைஞ்சது முதல் குடிச்சவனுக்கு. அதுதான் நைதரசன் பெட்டிக்குள்ள உன்ர சவ்வு கனநாள் தாங்குது. ஆனா எங்கட குச்சவெளியை நைதரசன் பெட்டிக்குள்ள வைக்கேலாது.

இனிமேல் கவனமாக் கேள். புல்மோட்டைக் கறுப்பு மணல் எங்கட பிரதேச செயலாளர் பிரிவுக்குள்ளதான் கிடக்கு. அதை அள்ள அரசாங்கம் கூட்டுத்தாபனம் தொடங்கினது 1957இல. அந்த இல்மனைற்றில இருந்து எடுக்கிறதுதான் டைட்டேனியம் டயொக்சைட்டு, வெள்ளைப் பெயின்றின்ர உயிர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் ரவிராஜன் லண்டன் இம்பீரியல் கல்லூரியில படிக்கேக்க, அதே ஒட்சைட்டோட பொலிமரைச் சேத்து சோலார் கலம் செய்தவர். எங்கட ஆள், எங்கட மணலின்ர சாதி; எனக்கு ஒரே பெருமை. ஆனா அந்த வெள்ளைத் தூளுக்கு ஒரு கள்ளக் குணம். புற ஊதாக் கதிர் பட்டா அது பக்கத்தில இருக்கிற கரிச் சாமானைத் தின்னத் தொடங்கும். 1972இல புஜிஷிமாவும் ஹொண்டாவும் அதை வைச்சு வெளிச்சத்தால தண்ணியையே பிரிச்சுக் காட்டினவங்கள். தண்ணியைப் பிரிக்கிறதுக்கு உன்ர சவ்வு எம்மாத்திரம்? வெயிலில நிண்ட பழைய வெள்ளைப் பெயின்றைத் தடவிப் பார், கையில மா மாதிரி ஒட்டும். பெயின்ற் செய்யிறவன் கெட்டிக்காரன். தூளின்ர ஒவ்வொரு மணிக்கும் சிலிக்காவாலயோ அலுமினாவாலயோ ஒரு தோல் போட்டுத்தான் விக்கிறான்.

நீயோ எலக்ட்ரனைக் கூட்டிக்கொண்டு போறதுக்கெண்டு அந்தத் தூளையும், அதின்ர தம்பி நாக ஒட்சைட்டையும் சவ்வுக்குப் பக்கத்திலயே கட்டி வைச்சிருக்கிறாய். பிறகு மூலக்கூறு சரியில்லை எண்டு மூண்டு வருசமா மூலக்கூறை மாத்துறாய். வேலி மேயுது, நீ பயிருக்கு அடிக்கிறாய்! இடையில மெல்லிசா ஒரு தோல் போடு. இல்லையெண்டா வெள்ளீய ஒட்சைட்டுக்கு மாறு, அது இவ்வளவு மேயாதாம். மேல புற ஊதாவை மறிக்கிற கண்ணாடி ஒண்டு வை. வெயிலின்ர சக்தியில புற ஊதா 100க்கு 5 அளவுதான், போனாப் போகட்டும். ஓரத்தையும் ஒட்டி மூடு, காத்து உள்ள போகப்படாது.

முதல் கொஞ்ச மணித்தியாலத்திலயே கலத்தின்ர பலம் கடகடவெண்டு விழுந்து பிறகு மெல்ல மெல்லத்தான் குறையும் எண்டு கவலைப்பட்டனி. புதுமாப்பிள்ளை மரியாதையும் அப்பிடித்தான். உன்ர மாமியைக் கேள்.

அடுத்த முறை ரெண்டு துண்டு கொண்டு வா, ஒண்டு தோலோட, மற்றது தோலில்லாம. கச்சான் காத்து அடிக்கிற மாதம் என்ர வாடிக் கூரையில கட்டி வைப்பம். காவல் நான், கொப்பி நீ. காகம் கொத்தினா அதையும் எழுது. உன்ர பேராசிரியர் நம்பாட்டி, காகத்தைப் பிடிச்சு அனுப்புறன்.