அரை வருடம் வீணா?

கேள்வி: என் மகனுக்கு சாண்ட்விச் டிப்ளமோவில் இடம் கிடைத்திருக்கிறது. மற்றவர்கள் மூன்றே வருடத்தில் முடிக்கிறார்கள், இவனுக்கு மூன்றரை. அரை வருடம் வீண்தானே?
– ஒரு வாசகர், சுங்குவார்சத்திரம்

பதில்: வீணா? படிப்போடு ஆலைப் பயிற்சியும் சேர்வதால் கூடும் அந்த அரை வருடம்தான் ஐயா அசல் லாபம்! டார்க் என்றால் விசை பெருக்கல் தூரம் என்று வகுப்பில் எழுதி மார்க் வாங்கிவிடலாம். ஆலையில் டார்க் ரெஞ்சைப் பிடித்து, 'கிளிக்' என்றதும் கையை நிறுத்த வேண்டும். முன்பே நிறுத்தினால் போல்ட் கழலும். மேலும் முறுக்கினால் மரை போகும். அந்தக் கை நிதானத்தைப் பக்கத்தில் நிற்கும் சூப்பர்வைசர்தான் கற்றுத்தர முடியும். கோனார் நோட்ஸில் கிடைக்காது.

உங்கள் ஊருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் தயாராகி வருகிறது. ஒரகடத்தில் 2010-ல் நிசான் கார் ஆலையும் 2012-ல் டைம்லர் லாரி ஆலையும் வந்தன. பையனுக்கு ஆய்வுக்கூடம் வாசலிலேயே இருக்கிறது.

ஆனால் கல்லூரியில் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தப் பிரிவில் பயிற்சி? பொறுப்பாளர் யார்? பிரிவு மாற்றி விடுவார்களா? நாள் முழுக்க அட்டைப்பெட்டி ஒட்டவிட்டால் அது பயிற்சி அல்ல, மலிவுக் கூலி.

படிப்பு முடிந்ததும் 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படி அப்ரண்டிஸ் வாய்ப்பும் உண்டு. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்தே ஆகவேண்டும். தயங்காமல் சேருங்கள், சான்றிதழ் பேசாத இடத்தில் கை பேசும்.