கேமராப் படலம்

கேமரா என்பது அறைப்பெயர். படம் பிடித்தல் பிற்காலத்தில் வந்து ஒட்டிய தொழிலேயன்றி அதன் பிறவிக் குணமன்று. லத்தீனில் வளைந்த கூரைக்கும், பின்பு அறைக்கும் வழங்கிய இப்பெயர், உள்ளே யாரை விடுவது, யாரை விலக்குவது என்பதைக் கொண்டு வகைப்படும்.

ஆளை விடுவது ஓர் இனம். இத்தாலிய நாடாளுமன்றத்தின் கீழவை கேமராவே. 2020-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் அதன் கொள்ளளவு 630 பேரிலிருந்து 400 ஆகக் குறைந்தது. கேமராக்கள் காலப்போக்கில் சிறுக்கும் என்னும் விதிக்கு இதுவும் சான்று. அந்நாட்டு விடுதியில் கேமரா கேட்டால் சாவியைத்தான் நீட்டுவார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் ராட்கிளிஃப் கேமரா, 1749-இல் திறந்த வட்ட வடிவ நூலகம். கேமராவைக் கேமராவால் படமெடுக்க அங்கே கூட்டம் நிற்கும். போப்பாண்டவரின் கருவூலமும் நெடுங்காலம் கேமரா எனப்பட்டது. பணம் சம்பந்தப்பட்டது ஆகையால் அதற்குள் நாம் நுழையவில்லை.

ஆளை விலக்குவது அடுத்த இனம். 'இன் கேமரா விசாரணை' என்று செய்தித்தாளில் கண்டதும், "அப்படியா, எல்லாம் வீடியோவில் பதிவாகிவிடும்" என்று மகிழ்வோர் உளர். மகிழ்ச்சி வீண். கதவைச் சாத்தி, வேடிக்கை பார்க்க வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு நடத்தும் விசாரணை அது. படமெடுக்கும் கேமராவுக்கு அந்தக் கேமராவில் இடமில்லை.

ஒளியை விலக்குவது மூன்றாம் இனம்: கேமரா அப்ஸ்க்யூரா, அதாவது இருட்டறை. இப்பெயரை 1604-இல் கெப்ளர் எழுதிவைத்தார். ஓட்டு வீட்டில் மத்தியானம் கதவைச் சாத்திப் படுத்தவர்களுக்கு அவர் தேவையில்லை. கதவின் சிறு ஓட்டை வழியே தெருவில் போகும் சைக்கிள் எதிர்ச்சுவரில் தலைகீழாக ஓடும்; ஒளி நேர்கோட்டில் போவதால் மேலிருந்து வருவது கீழே விழுகிறது. அறையைப் பெட்டியாகச் சுருக்கி, ஓட்டையில் லென்ஸ் பொருத்தினார்கள். மனிதன் வெளியேற்றப்பட்டான்.

புறநடை: கேமரா லூசிடா. 1806-இல் வொலஸ்டன் காப்புரிமை பெற்ற இந்த வரைகருவிக்குச் சுவரில்லை, கூரையில்லை. கம்பி நுனியில் ஒரு பட்டகக் கண்ணாடி, அவ்வளவே. இதை வைத்துக்கொண்டு 1833-இல் கோமோ ஏரிக்கரையில் படம் வரைய உட்கார்ந்த ஒளிப்பட முன்னோடி ஃபாக்ஸ் டால்பட்டுக்குக் கை வரவில்லை. காட்சி தானே தாளில் பதிந்தாலென்ன என்ற யோசனை அங்கே பிறந்தது. ஆக, அறையே இல்லாத போலிக் கேமராவால் அவருடைய அசல் கேமரா உண்டாயிற்று. 1835-இல் அவர் சிறு மரப்பெட்டிகளை வீட்டைச் சுற்றி வைத்தபோது மனைவி கான்ஸ்டன்ஸ் அவற்றை எலிப்பொறி என்றார். எலிப்பொறியும் ஓர் அறையே ஆதலின் இலக்கணம் வழுவவில்லை.